டிபி2 தரவுத்தளத்தில் சேமிப்பு வெளிகளின் நிலையறிதல்

சேமிப்பு வெளிகளின் நிலையறிதல் என்பது, மெயின்பிரேம் கணினியில் இயங்கும் தரவுத்தளத்தின் ஒவ்வொரு சேமிப்புப் பகுதியும் அந்த நேரத்தில் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கிறதா, பூட்டப்பட்டிருக்கிறதா, பழுதுபார்ப்புக்குக் காத்திருக்கிறதா என்பதைக் கட்டளை மூலம் கேட்டறியும் பணியாகும். ஐபிஎம் நிறுவனத்தின் இசட்/ஓஎஸ் இயக்குதளத்தில் இயங்கும் டிபி2 தரவுத்தள மென்பொருளில் இப்பணிக்கு "டிஸ்பிளே டேட்டாபேஸ்" என்னும் கட்டளை பயன்படுகிறது. வங்கி, காப்பீடு போன்ற துறைகளில் இரவுநேரத் தொகுதி வேலைகள் தொடங்கும் முன்பும், அவை முடிந்த பின்பும் தரவுத்தள நிர்வாகிகள் வழக்கமாகச் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று.

ஓர் அட்டவணை தரவுத்தளத்தில் இருப்பதும், அதைப் பயன்படுத்த முடிவதும் ஒன்றல்ல. அட்டவணையின் வரையறை சரியாக இருக்கலாம். வட்டில் கோப்பும் இருக்கலாம். ஆயினும் டிபி2 அதைத் திறக்க மறுக்கலாம். அப்படி மறுப்பதற்கான காரணம் ஒரு நிலைக்குறியாகப் பதிவாகியிருக்கும். அந்தக் குறியை வாசிக்கத் தெரிவதும், குறியை மட்டும் அழிப்பதற்கும் காரணத்தைச் சரிசெய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அறிவதுமே இப்பணியின் சாரம்.

பின்னணி

உறவுசார் தரவு மாதிரியை ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார். அதன் அடிப்படையில் ஐபிஎம்மின் சான் ஒசே ஆய்வகத்தில் "சிஸ்டம் ஆர்" என்னும் சோதனைத் திட்டம் நடந்தது. எஸ்கியூஎல் மொழி அங்குதான் உருவானது. இவற்றின் தொடர்ச்சியாக மெயின்பிரேம் கணினிகளுக்கான டிபி2 1983-இல் அறிவிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் மெயின்பிரேம் கணினியின் வரலாறு இதைவிட மூத்தது. சென்னை ஐஐடியில் 1973-இல் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. துளை அட்டைகளில் நிரல் எழுதி, வரிசையில் கொடுத்து, முடிவை அச்சுத்தாளில் பெற்றுக்கொண்ட காலம் அது. 1990-களில் மென்பொருள் நிறுவனங்கள் வளர்ந்தபோது, குறிப்பாக 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்கும் பணிகள் வந்தபோது, கோபால், ஜேசிஎல், டிபி2 ஆகியவற்றைக் கற்ற இளைஞர்கள் பெரும் எண்ணிக்கையில் வேலைக்குச் சேர்ந்தனர்.

வெளிநாட்டு வங்கிகளின் மெயின்பிரேம் தரவுத்தளங்களைச் சென்னையில் இருந்துகொண்டே பராமரிக்கும் பணி இன்றும் நடைபெறுகிறது. நியூயார்க்கில் இரவு 11 மணி என்பது கோடைக்காலத்தில் இந்திய நேரப்படி மறுநாள் காலை 8.30 மணி. ஆகவே அங்கு இரவுநேரத் தொகுதி வேலை ஓடும்போது, சேமிப்பு வெளிகளின் நிலையைப் பார்ப்பவர் இங்கு காலைப் பணிமுறைக்கு வந்திருப்பவராக இருக்கலாம்.

சேமிப்பு வெளிகளின் அமைப்பு

டிபி2-இல் தரவு பல அடுக்குகளாக வைக்கப்படுகிறது.

தரவுத்தளம்: தொடர்புடைய சேமிப்பு வெளிகளை ஒன்றாக நிர்வகிப்பதற்கான தொகுப்பு.

டேபிள்ஸ்பேஸ் எனப்படும் அட்டவணைவெளி: அட்டவணையின் வரிகள் உண்மையில் தங்கும் இடம். இது 4, 8, 16 அல்லது 32 கிலோபைட் அளவுள்ள பக்கங்களால் ஆனது.

பகுதி: பெரிய அட்டவணைவெளியைப் பிரித்து வைக்கும் கூறு. ஆண்டு, மாநிலம், கணக்கு எண் போன்றவற்றின்படி பிரிக்கலாம். ஒவ்வொரு பகுதிக்கும் தனி நிலை உண்டு.

இண்டெக்ஸ்ஸ்பேஸ் எனப்படும் சுட்டுவெளி: தேடலை விரைவாக்கும் சுட்டு வைக்கப்படும் இடம். இதற்கும் தனி நிலை உண்டு.

இவை வட்டில் விசாம் வகைத் தரவுக் கோப்புகளாக இருக்கும்.

தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் சரக்கு வைக்கும் கிட்டங்கிகளை இதற்கு ஒப்பிடலாம். வளாகம் என்பது தரவுத்தளம். ஒவ்வொரு கிட்டங்கியும் ஓர் அட்டவணைவெளி. கிட்டங்கிக்குள் தடுத்த அறைகள் பகுதிகள். எந்த மூட்டை எங்கே என்று சொல்லும் பேரேடு சுட்டு. வளாகத்தின் வாயில் திறந்திருப்பதால் எல்லாக் கிட்டங்கிகளும் திறந்திருப்பதாகக் கொள்ள முடியாது. ஒன்று கணக்கெடுப்புக்காக மூடப்பட்டிருக்கலாம். மற்றொன்றில் சரக்கு இருந்தும் பேரேடு எழுதி முடியாமல் இருக்கலாம்.

கட்டளையின் வடிவம்

கட்டளைகள் திரையில் ஆங்கில எழுத்துகளிலேயே உள்ளிடப்படும். இங்கு அவை ஒலிபெயர்ப்பில் தரப்படுகின்றன. துறைடிபி என்னும் கற்பனைத் தரவுத்தளத்தை எடுத்துக்கொண்டால் அடிப்படை வடிவம் இது:

-டிஸ்பிளே டேட்டாபேஸ்(துறைடிபி) ஸ்பேஸ்நேம்(*)

தொடக்கத்தில் உள்ள சிறுகோடு இது டிபி2-க்கான கட்டளை என்பதைக் காட்டுகிறது. அடைப்புக்குள் உள்ள உடுக்குறி "அனைத்தும்" எனப் பொருள்படும். டிஎஸ்ஓ வழியே திறக்கும் டிபி2ஐ திரை, இசட்/ஓஎஸ் இயக்குநர் முனையம், சிஐசிஎஸ், ஐஎம்எஸ் முனையங்கள் ஆகியவற்றில் இருந்து இதைக் கொடுக்கலாம். இதற்குரிய அனுமதி பயனருக்கு இருக்க வேண்டும்.

புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஸ்பேஸ்நேம் என்னும் பகுதியை விட்டுவிடுவது. அதை விட்டால் தரவுத்தளத்தின் நிலை மட்டுமே காட்டப்படும். தரவுத்தளம் "ஆர்டபிள்யூ" என்று வந்தாலும் உள்ளே உள்ள ஓர் அட்டவணைவெளி முடங்கிக் கிடக்கலாம்.

கட்டளையோடு சேர்க்கும் துணைச்சொற்களில் முக்கியமானவை:

ரெஸ்ட்ரிக்ட்: கட்டுப்பாட்டு நிலையில் உள்ள வெளிகளை மட்டும் காட்டும்.

அட்வைசரி: அறிவுரை நிலையில் உள்ளவற்றைக் காட்டும்.

யூஸ்: எந்தப் பணி, எந்தப் பயனர் அந்த வெளியைப் பயன்படுத்துகிறார் என்பதைக் காட்டும்.

லாக்ஸ், கிளைமர்ஸ்: பூட்டுகளையும் உரிமைகோரல்களையும் காட்டும்.

எல்பிஎல்: படிக்கவோ எழுதவோ முடியாமல்போன பக்கங்களின் பட்டியலைக் காட்டும்.

லிமிட்: வெளியீட்டின் அளவைத் தீர்மானிக்கும். எதுவும் சொல்லாவிட்டால் 50 செய்திகளோடு வெளியீடு நின்றுவிடும். பெரிய தரவுத்தளத்தில் பிரச்சினை 51-ஆவது இடத்தில் இருந்தால் அது கண்ணில் படாது. எனவே லிமிட்(*) என்று கொடுப்பது நல்லது.

முழு அமைப்பையும் ஒரே பார்வையில் சோதிக்க, தரவுத்தளப் பெயருக்கும் வெளிப்பெயருக்கும் உடுக்குறி கொடுத்து, ரெஸ்ட்ரிக்ட், லிமிட்(*) இரண்டையும் சேர்ப்பது வழக்கம். தேடியதற்கு எதுவும் கிடைக்காவிட்டால் கட்டுப்பாட்டு நிலையில் எந்த வெளியும் இல்லை என்று பொருள்.

வெளியீட்டை வாசித்தல்

வார இறுதியில் ஒரு துறைமுகச் சரக்குக் கணக்கின் தரவு மொத்தமாக ஏற்றப்பட்டது என்று கொள்வோம். மறுநாள் காலையில் கீழ்க்கண்டவாறு வெளியீடு வரலாம்:

பெயர் | வகை | பகுதி | நிலை
சரக்கு | டிஎஸ் | 0001 | ஆர்டபிள்யூ
சரக்கு | டிஎஸ் | 0002 | ஆர்டபிள்யூ, காப்பி
கட்டணம் | டிஎஸ் | – | ஆர்டபிள்யூ, சிஎச்கேபி
சரக்குஐ | ஐஎக்ஸ் | – | ஆர்டபிள்யூ, ஆர்பிடிபி

டிஎஸ் என்பது அட்டவணைவெளி; ஐஎக்ஸ் என்பது சுட்டுவெளி. நான்கு வரிகளிலும் ஆர்டபிள்யூ இருக்கிறது. அதைப் பார்த்து எல்லாம் நலம் என்று கருதக் கூடாது. ஆர்டபிள்யூ என்பது படிக்கவும் எழுதவும் தொடங்கப்பட்ட நிலை மட்டுமே. காற்புள்ளிக்குப் பின் வரும் குறிதான் உண்மையான தடையைச் சொல்கிறது.

முதல் பகுதியில் சிக்கல் இல்லை. இரண்டாம் பகுதியைப் படிக்கலாம், மாற்ற முடியாது, காப்புநகல் எடுக்கப்படவில்லை. கட்டணம் என்னும் வெளியில், தொடர்புடைய அட்டவணைகளுக்கு இடையே உள்ள இணைப்பு விதிகள் சரிபார்க்கப்படவில்லை. எனவே அதை எஸ்கியூஎல் வழியே அணுக முடியாது. சுட்டு மீண்டும் கட்டப்பட வேண்டும்.

இந்நிலையில் ஒரு பயன்பாட்டு நிரல் இரண்டாம் பகுதியில் ஒரு வரியை மாற்ற முயன்றால், அதற்கு எஸ்கியூஎல் பிழை எண் -904 கிடைக்கும். "வளம் கிடைக்கவில்லை" என்பது இதன் பொருள். இந்தச் செய்தியுடன் காரணக் குறியீடும், வளத்தின் வகையும், பெயரும் வரும். வகை 00000200 என்றால் அட்டவணைவெளி. 00000201 என்றால் சுட்டுவெளி. நிரலாளர் தம் நிரலில் பிழை தேடி நேரத்தை வீணாக்காமல், பெயரைக் குறித்துக்கொண்டு நிலையைப் பார்ப்பதே முதல் படி.

நிலைகளின் வகைகள்

இயல்பான நிலைகள்

ஆர்டபிள்யூ: படிக்கலாம், எழுதலாம். ஆர்ஓ: படிக்க மட்டும். யூடி: பராமரிப்புக் கருவிகளுக்கு மட்டும். ஸ்டாப்: நிறுத்தப்பட்டது. ஸ்டாப்பி: நிறுத்தக் கட்டளை கொடுக்கப்பட்டு, ஏற்கெனவே பயன்படுத்துவோர் விலகுவதற்காகக் காத்திருக்கும் நிலை. பெயர் சொல்லி நிறுத்தப்பட்ட ஓர் அட்டவணைவெளியைப் பெயர் சொல்லியே தொடங்க வேண்டும். தரவுத்தளத்தை மட்டும் தொடங்கினால் அது திறக்காது.

பராமரிப்பு நடைபெறும் நிலைகள்

யூடிஆர்டபிள்யூ, யூடிஆர்ஓ, யூடியூடி ஆகியவை ஒரு பராமரிப்புக் கருவி அந்த வெளியில் வேலை செய்துகொண்டிருப்பதைக் குறிக்கின்றன. முதலாவதில் படிக்கவும் எழுதவும் முடியும். இரண்டாவதில் படிக்க மட்டும் முடியும். மூன்றாவதில் கருவியைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. இக்குறிகள் நீண்ட நேரம் மாறாமல் இருந்தால் "டிஸ்பிளே யுடிலிட்டி" கட்டளையால் அக்கருவி ஓடுகிறதா, பாதியில் நின்றதா என்று பார்க்க வேண்டும்.

கட்டுப்பாட்டு நிலைகள்

காப்பி: காப்புநகல் நிலுவை. பதிவேட்டில் எழுதாமல் தரவு ஏற்றும்போதும் மறுசீரமைக்கும்போதும் வரும். தீர்வு: முழுக் காப்புநகல் எடுத்தல்.

சிஎச்கேபி: சரிபார்ப்பு நிலுவை. தீர்வு: "செக் டேட்டா" கருவி.

ஆர்இசிபி: மீட்பு நிலுவை. தரவேற்றம் பாதியில் முறிந்தபோது வரக்கூடும். தீர்வு: "ரெக்கவர்" கருவி, அல்லது முழுத் தரவையும் மாற்றி ஏற்றுதல்.

ஆர்பிடிபி: சுட்டு மறுகட்டமைப்பு நிலுவை. தீர்வு: "ரீபில்டு இண்டெக்ஸ்" கருவி.

ஆர்இஓஆர்பி: மறுசீரமைப்பு நிலுவை. பகுதிகளின் எல்லைகளை மாற்றிய பின் வரலாம். தீர்வு: "ரீஆர்க்" கருவி.

எல்பிஎல்: சில பக்கங்கள் அணுக முடியாத பட்டியலில் உள்ளன. பெரும்பாலும் அந்த வெளியைத் தொடங்கும் கட்டளையைக் கொடுத்தால், டிபி2 பதிவேட்டைக் கொண்டு அப்பக்கங்களைச் சரிசெய்யும்.

ஜிஆர்இசிபி: பல டிபி2 அமைப்புகள் ஒரே தரவைப் பகிரும் சூழலில், பொது இடையகத்தின் தரவு மீட்கப்பட வேண்டிய நிலை.

அறிவுரை நிலைகள்

ஏஆர்இஓ எனத் தொடங்கும் குறிகள் மறுசீரமைப்பு செய்வது நல்லது என்று அறிவுறுத்துகின்றன. ஐகாப்பி, சுட்டுக்குக் காப்புநகல் எடுப்பது நல்லது என்கிறது. இந்நிலைகளில் வேலை தடைபடாது. ஆனால் பல மாதம் அப்படியே விடப்பட்டால் வேகம் குறைதல் போன்ற விளைவுகள் தோன்றலாம்.

அட்டவணைப் பட்டியலில் ஏன் தேடக் கூடாது

டிபி2 தன் பொருள்கள் அனைத்தையும் பற்றிய விவரங்களைக் கேட்டலாக் எனப்படும் அட்டவணைப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதில் உள்ள சிஸ்டேபிள்ஸ்பேஸ் அட்டவணையில் ஸ்டேட்டஸ் என்ற நெடுவரிசையும் உண்டு. எஸ்கியூஎல் தெரிந்தவர் அதை வினவினால் போதாதா என்ற ஐயம் எழலாம். போதாது. அந்த நெடுவரிசை வரையறை முழுமையா, சரிபார்ப்பு நிலுவை உண்டா போன்ற சிலவற்றை மட்டுமே சொல்லும். நிறுத்தம், காப்புநகல் நிலுவை, மீட்பு நிலுவை, எல்பிஎல் ஆகியவற்றை அதில் காண முடியாது. அவை இயங்கும் அமைப்பின் விதிவிலக்குப் பட்டியலில் பராமரிக்கப்படுகின்றன. எனவே கட்டளையே நம்பத்தக்க வழி.

குறியை அழித்தலும் காரணத்தைத் தீர்த்தலும்

கட்டுப்பாட்டு நிலையை நீக்க இரு குறுக்குவழிகள் உள்ளன. ஒன்று, "ஸ்டார்ட் டேட்டாபேஸ்" கட்டளையில் அக்சஸ்(ஃபோர்ஸ்) என்று கொடுப்பது. மற்றொன்று, "ரிப்பேர்" கருவியால் குறியை மட்டும் நீக்குவது. இரண்டும் சில நொடிகளில் முடிந்துவிடும். திரையில் ஆர்டபிள்யூ மட்டும் தெரியும். நின்றுபோன வேலை ஓடத் தொடங்கும். ஆனால் தரவில் எதுவும் மாறியிருக்காது.

காப்புநகல் நிலுவையை எடுத்துக்கொண்டால் இதன் ஆபத்து விளங்கும். ஞாயிறன்று பதிவேட்டில் எழுதாமல் பல இலட்சம் வரிகள் ஏற்றப்பட்டன என்க. காப்பி நிலை வந்தது. காப்புநகல் எடுக்க நேரமில்லை என்று குறி மட்டும் நீக்கப்பட்டது. திங்கள் முதல் பரிவர்த்தனைகள் நடந்தன. வியாழனன்று வட்டில் கோளாறு ஏற்பட்டு, மீட்பு தேவைப்படுகிறது. கையில் இருப்பது ஞாயிறுக்கு முந்தைய காப்புநகல். அதன்மேல் பதிவேட்டைப் பயன்படுத்தி முன்னேற வேண்டும். ஆனால் ஞாயிறன்று ஏற்றிய வரிகள் பதிவேட்டிலேயே இல்லை. மீட்புக் கருவி அந்த இடத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. திங்கள் முதல் வியாழன்வரை நடந்த மாற்றங்கள் பதிவேட்டில் இருந்தும் பயனில்லை. அவை அமர வேண்டிய அடித்தளம் காணாமல் போயிருக்கும்.

காப்பி என்னும் குறி இந்த இழப்பைத் தடுக்கவே வைக்கப்பட்டது. எழுதுவதைத் தடுத்து, நிர்வாகியைக் காப்புநகல் எடுக்க வைப்பதே அதன் நோக்கம். குறி நீக்கப்பட்ட பின் நிலையறியும் கட்டளையாலும் இந்த ஆபத்தைக் காட்ட முடியாது. ஆகவே ஆர்டபிள்யூ என்பது காப்புநகல் இருப்பதற்குச் சான்றல்ல. கடைசியாக எப்போது காப்புநகல் எடுக்கப்பட்டது என்பதை அட்டவணைப் பட்டியலில் உள்ள சிஸ்காப்பி அட்டவணையில் தனியே பார்க்க வேண்டும்.

சரிபார்ப்பு நிலுவையிலும் இதே கதைதான். குறியை நீக்கினால், வாடிக்கையாளர் இல்லாத கணக்கு, கப்பல் இல்லாத சரக்கு போன்ற தொடர்பறுந்த வரிகள் அறிக்கைகளுக்குள் புகுந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கூட்டுத்தொகை மட்டும் தவறாக இருக்கும்.

குறுக்குவழிகள் முற்றிலும் தவறானவை அல்ல. சோதனைத் தரவுத்தளத்திலும், மூலக் கோப்பில் இருந்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் ஏற்றக்கூடிய தற்காலிக அட்டவணையிலும் அவற்றைப் பயன்படுத்துவது உண்டு. இழந்தால் திரும்பப் பெற வழியுள்ளதா என்ற கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்பதே விதி. தரவேற்றத்தின்போதே காப்புநகலையும் எடுக்கும்படி "காப்பிடிடிஎன்" என்ற துணைச்சொல்லைச் சேர்த்தால் சிக்கல் எழாமலே தவிர்க்கலாம்.

இட அளவைப் பார்த்தல்

நிலைக்குறி சரியாக இருந்தும் வேலை நிற்கக்கூடிய மற்றொரு சூழல் இடப்பற்றாக்குறை. புதிய வரிகளுக்காகக் கோப்பை விரிக்க டிபி2 முயன்று, வட்டில் இடம் கிடைக்காவிட்டால் அப்போதும் -904 பிழையே வரும். காரணக் குறியீடு மட்டும் வேறாக இருக்கும். இதை முன்கூட்டி அறிய சிஸ்டேபிள்ஸ்பேஸ்ஸ்டேட்ஸ் என்னும் நிகழ்நேரப் புள்ளிவிவர அட்டவணை உதவுகிறது. பயன்பாட்டில் உள்ள பக்கங்கள், ஒதுக்கப்பட்ட இடம், கோப்பு எத்தனை துண்டுகளாக விரிந்துள்ளது, கடைசி மறுசீரமைப்பு நேரம் ஆகியவை அதில் உள்ளன.

நடைமுறை வரிசை

ஒரு வேலை நின்றுவிட்டது என்ற தகவல் வரும்போது பின்வரும் வரிசை பின்பற்றத்தக்கது.

1. பிழைச் செய்தியில் இருந்து வளத்தின் பெயர், வகை, காரணக் குறியீடு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல்.
2. அந்த வெளிக்கு டிஸ்பிளே டேட்டாபேஸ் கட்டளை கொடுத்து, ஒவ்வொரு பகுதியின் நிலையையும் சுட்டுகளின் நிலையையும் பார்த்தல்.
3. யூடி எனத் தொடங்கும் குறி இருந்தால், கருவி ஓடுகிறதா என்று பார்த்தல். ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருத்தல்.
4. குறி எதுவும் இல்லாவிட்டால் யூஸ், லாக்ஸ், கிளைமர்ஸ் ஆகிய துணைச்சொற்களால் யார் பிடித்திருக்கிறார் என்று பார்த்தல். இட அளவையும் சோதித்தல்.
5. கட்டுப்பாட்டுக் குறி இருந்தால், அதை உண்டாக்கிய வேலை எது என்று கண்டறிதல்.
6. உரிய கருவியை ஓட்டி நிலையைத் தீர்த்தல்.
7. அதே கட்டளையை மீண்டும் கொடுத்து, குறி நீங்கியதை உறுதிசெய்த பிறகே நின்ற வேலையைத் தொடங்குதல்.

ஐந்தாம் படியை விட்டுவிட்டால் அடுத்த வார இறுதியிலும் அதே குறி திரும்பி வரும். ஏழாம் படியை விட்டுவிட்டால், சரிசெய்ததாக நினைத்த வேலை சில நிமிடங்களில் மீண்டும் நிற்கலாம். இரண்டு படிகளுக்கும் தேவைப்படுவது அதே ஒற்றை வரிக் கட்டளையும், அதன் விடையைக் காற்புள்ளிக்குப் பின்னும் வாசிக்கும் பழக்கமும்தான்.